உச்சுக் கொட்டாதீர்கள்

வெள்ளிக்கிழமைக்குள் அந்தக் குதிரை தன் கண்ணை மனிதக் கை தொட விட வேண்டும். விடாவிட்டால் சனிக்கிழமை காலை வியாபாரியின் லாரி வந்துவிடும். லாரியில் ஏறும் குதிரைகள் எங்கே போகின்றன என்று லாயத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. எல்லாருக்கும் தெரிந்ததைச் சொல்வானேன் என்று விட்டுவிடுவார்கள்.

இதைக் கேட்டதிலிருந்து உச்சு அக்காவுக்கு எதிலும் புத்தி நிற்கவில்லை. தீனித் தொட்டியைக் கழுவப் போனவள் வாளியை வழியிலேயே வைத்துவிட்டு வந்தாள். பேருந்தில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனாள். அந்தப் பேருந்தை ஓட்டியது அவள் வீட்டுக்காரரே என்பதால் திட்டு வாங்காமல் தப்பித்தாள்.

அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. குதிரையேற்றம் கற்றுத்தரும் பள்ளியொன்றில் குதிரைகளைப் பழக்குவது வேலை. குதிரை மேல் ஒரு நாளும் ஏறியதில்லை. ஏறச் சொன்னால் தலை சுற்றும். தரையில் நின்றபடியே பழக்குவாள். கையில் சாட்டை இருக்காது, இடுப்பில் ஒரு துணிப்பை இருக்கும், அது நிறைய நறுக்கிய கேரட். குதிரை சரியானதைச் செய்த அந்த நொடியில் நாக்கை மேல்பல்லில் ஒட்டி 'ச்சொ' என்று ஒரு சத்தம் போடுவாள். உடனே ஒரு துண்டு கேரட் கொடுப்பாள். 'இதுதான், இப்போது செய்தாயே, இதேதான், கூலி வருகிறது' என்று அந்தச் சத்தத்துக்கு அர்த்தம். ஒரு குதிரைக்கு அது புரிந்துவிட்டால் போதும், பிறகு கேரட்டுக்காக அது தானே யோசிக்க ஆரம்பித்துவிடும். சத்தத்தைத் தவறிப் போட்டாலும் கேரட் கொடுத்தே ஆக வேண்டும். அந்த விஷயத்தில் அவள் வாய்தா கேட்டதே கிடையாது.

அந்தச் சத்தத்தால் வந்த பேர்தான் உச்சு அக்கா. அவளைவிட இருபது வயது மூத்த காவலாளியும் அக்கா என்றே கூப்பிடுவார்.

முதலாளி கெட்டவர் இல்லை. 'அடியாத மாடு படியாது' என்ற ஒரே பழமொழியை வைத்துக்கொண்டு ஐம்பத்தைந்து வருடத்தை ஓட்டிவிட்டவர், அவ்வளவுதான். வண்டியில் ஏற மறுத்து மூன்று பேரை இழுத்துக்கொண்டு ஓடிய குதிரையொன்று, இவள் பதினோரு நாள் பழக்கிய பிறகு தானாக நடந்துபோய் வண்டிக்குள் நின்றதைப் பார்த்துத்தான் அவளை வேலைக்கு வைத்தார். அப்போதும் அவர் வாயில் அது 'கேரட் வித்தை'தான்.

இந்தக் குதிரைக்குச் செவலை என்று பேர், நிறமும் அதுதான். ஒன்பது வயதுப் பெண் குதிரை. முன்பு வைத்திருந்தவன் முகத்திலேயே அடித்திருக்கிறான். அதனால் முகத்துக்கு நேராகக் கை உயர்ந்தால் அது வானத்துக்கு எழும்பிவிடும். அப்படிப்பட்ட குதிரைக்கு இடது கண்ணில் வைக்கோல் குத்தி, கண் கலங்கி, இமை வீங்கிவிட்டது. கால்நடை மருத்துவர் வந்தார். அவருடைய உதவியாளர் குதிரையை அசையாமல் நிறுத்த அதன் மேலுதட்டில் கயிற்றைப் போட்டு முறுக்கினார். செவலை பின்னங்காலில் எழுந்தது. உதவியாளர் சுவரில் மோதித் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மருத்துவர் வாசலில் நின்றபடி டார்ச் அடித்துப் பார்த்ததோடு சரி.

"கருவிழில கீறல். சீழ் பிடிக்க ஆரம்பிச்சிருக்கு," என்றார். "ஒரு நாளைக்கு நாலு வேளை கண்ணுல சொட்டு மருந்து விழணும். வலிக்குப் பொடி தரேன், தீனில கலந்துடுங்க. ஆனா பொடி கண்ணைக் காப்பாத்தாது. புண்ணு உள்ள இறங்கிட்டா அப்புறம் கண்ணை எடுக்கறதுதான். அதுக்கும் மயக்க ஊசி போட விடணுமே இது?"

முதலாளி நெற்றியைத் தடவினார். "அடுத்த வெள்ளிக்கிழமை வாங்க டாக்டர். உங்க கை பட நின்னா இருக்கட்டும். இல்லேன்னா வியாபாரிக்குச் சொல்லிடறேன். குழந்தைங்க வந்து போற இடம். நாளைக்கு ஒண்ணை மிதிச்சா யாரு பதில் சொல்றது?"

"ஆடிக் கறக்கற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கற மாட்டைப் பாடிக் கறக்கணும் சார்," என்றாள் உச்சு அக்கா.

"பாடுங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாடுங்க," என்று சொல்லிவிட்டு அவர் மருத்துவரை வழியனுப்பப் போனார்.

அவள் செய்ய நினைத்தது இது. உள்ளங்கையை விரித்து நீட்டுவாள். செவலை தன் தாடையை அதன் மேல் வைக்க வேண்டும். தாடை உள்ளங்கையில் இருக்கும்வரை இவளுடைய மற்றொரு கை கண்ணை நோக்கிப் போகலாம். தாடை எழும்பிவிட்டால் கையை உடனே எடுத்துவிட வேண்டும். வைத்தால் 'சரி', எடுத்தால் 'வேண்டாம்'. வேண்டாம் என்று சொல்ல வழியிருக்கிறது என்று தெரிந்த குதிரைதான் சரி என்று சொல்லத் துணியும். இந்த ஒரு விஷயத்தை நம்பித்தான் அவள் பழைய வேலையை விட்டுவிட்டு இதற்கு வந்தாள்.

பழைய வேலை என்றால், ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் பன்னிரண்டு வருடம் ஆயா. ஊசி போடும்போது குழந்தைகளைப் பிடித்துக்கொள்வாள். உடும்புப் பிடி. "உங்க கை பட்டா குழந்தை அசையாது," என்று நர்ஸ்கள் மெச்சுவார்கள், அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான். ஒரு நாள் ஐந்து வயதுப் பெண் ஒருத்தி திமிறித் திமிறிப் பார்த்துவிட்டுச் சட்டென்று அடங்கிப்போனாள். அழவும் இல்லை, இவள் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். ஒரு மாதம் கழித்து அதே பெண் பேருந்தில் இவளைக் கண்டதும் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. அந்த வருடமே வேலையை விட்டாள். தெருநாய்க் காப்பகத்தில் நாய் குளிப்பாட்டப் போனாள். தண்ணீரைக் கண்டால் கடிக்க வரும் நாய்களைப் பிடித்து அமுக்காமல் எப்படிக் குளிப்பாட்டுவது என்று செல்போனில் பார்த்துப் பார்த்து, கடி வாங்கி வாங்கி, இந்த வித்தையைக் கற்றாள்.

மருத்துவர் வந்துபோன மறுநாள், சனிக்கிழமை, செவலை ஒன்பது முறை தாடையை வைத்தது. கை கன்னம்வரை போனது. உச்சு அக்கா அன்று வீட்டில் வாய் ஓயாமல் பேசினாள். வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "இருபத்தி நாலு வருஷமா உன் பேச்சுக்குத் தலையாட்டறேன். எனக்கு ஒரு துண்டு கேரட் குடுத்திருப்பியா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாம் தலைகீழாகிவிட்டது. கை எழும்பியதும் செவலை தாடையை எடுத்து, முகத்தை வெடுக்கென்று வலப்பக்கம் திருப்பிக்கொண்டது. மறுபடி வைத்தது, மறுபடி திருப்பியது. திங்கட்கிழமை இன்னும் மோசம். இவள் உள்ளங்கையை நீட்டுவதற்கு முன்பே திருப்பிக்கொண்டது. செவ்வாய்க்கிழமைக்குள் கண்ணின் நடுவில் வெள்ளையாக ஒரு படலம், அரிசி அளவுக்கு, தெரிய ஆரம்பித்துவிட்டது.

 நாலு வேளை மருந்து விழ வேண்டிய கண்ணில் ஒரு சொட்டுகூட விழவில்லை. கேரட்டை விட்டு ஆப்பிளுக்கு மாறிப் பார்த்தாள். நிற்கும் பக்கத்தை மாற்றிப் பார்த்தாள். முதலாளி கம்பிக் கதவருகே வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. இத்தனைக்கும் ஒன்று மட்டும் அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. முகத்தைத் திருப்பியதும் செவலையின் காது முன்னால் நீண்டது. பயந்த குதிரையின் காது பின்னால் ஒட்டிக்கொள்ளும். இது கூலி கேட்கிற காது. செய்யக் கூடாததைச் செய்துவிட்டு எதற்கு இது கூலி கேட்கிறது?

அன்று மத்தியானம் மருந்துப் புட்டியை அறையில் மறந்து வைத்துவிட்டுத் திரும்பி எடுக்கப் போனாள். வரும்போது செவலையின் கொட்டடியில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. கொட்டடிகளைக் குழாய் வைத்துக் கழுவுகிற அம்மாள் உள்ளே இருந்தாள். அவளைக் குழாயம்மா என்பார்கள். அறுபதை நெருங்குகிறவள், இளகிய மனசு, ஈ செத்தாலும் வருத்தப்படுவாள். பீய்ச்சிய தண்ணீருக்குச் செவலை முகத்தைத் திருப்பிக்கொண்டது. குழாயம்மா அந்தக் கண்ணைப் பார்த்தாள்.

"ச்சொ, ச்சொ, ச்சொ. வாயில்லா ஜீவன். கண்ணு போயிடும் போல இருக்கே," என்றாள். மடியிலிருந்து ஒரு பிரெட் துண்டை எடுத்து ஊட்டினாள். செவலை தின்றுவிட்டு மறுபடி முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுபடி "ச்சொ." மறுபடி பிரெட்.

உச்சு அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"அக்கா, தினமும் இப்படிக் குடுப்பீங்களா?"

குழாயம்மா திடுக்கிட்டுத் திரும்பினாள். "ரெண்டே ரெண்டு துண்டும்மா. என் சாப்பாட்டுலேர்ந்துதான். ஞாயித்துக்கெழமைலேர்ந்து, மூணு வேளையும். லாரி வருதுன்னாங்களே, மனசு கேக்கல."

"பிரெட்டைச் சொல்லலை அக்கா. உச்சுக் கொட்டறீங்களே!"

"பாவமா இருக்கு, கொட்டறேன். கண்ணு போற ஜீவனைப் பாத்து ஒரு உச்சுக்கூடக் கொட்டக் கூடாதா? நீ மட்டும் நாள் பூராக் கொட்டறே!"

உச்சு அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. உட்கார்ந்து விளக்கினாள். அந்தச் சத்தம் கேட்டால் குதிரைக்கு, தான் செய்தது சரி என்று அர்த்தம்; முகத்தைத் திருப்பும்போதெல்லாம் சத்தமும் வந்து பிரெட்டும் வந்தால், திருப்புவதுதான் வேலை என்று அது நினைத்துக்கொள்ளும்; மூன்று நாளாக அதைத்தான் நாம் இரண்டு பேரும் சேர்ந்து கற்றுக்கொடுத்திருக்கிறோம் என்று சொன்னாள்.

குழாயம்மாவின் கையிலிருந்த குழாய் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. "அப்போ நான் பாவம் பாத்ததே பாவமாயிடுச்சா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா. தப்பு என்னுது."

அவள் சமாதானத்துக்குச் சொல்லவில்லை. உள்ளபடியே தப்பு அவளுடையதுதான். இந்தச் சத்தத்தை நாமெல்லாம் எதற்குப் போடுகிறோம்? கீழே விழுந்த பிள்ளையைப் பார்த்து, விபத்துச் செய்தி கேட்டு, சாவு வீட்டு வாசலில் நின்று. அதையே எடுத்துக் குதிரைக்குச் சபாஷ் என்று வைத்தாளே, எந்தப் புத்தி அது? நாய்க் காப்பகத்தில் இரண்டு கையும் சோப்பாக இருந்தபோது வாய்க்கு வந்த சத்தம், அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. நல்ல கண்ணுள்ள குதிரையாக இருக்கும்வரை குற்றமில்லை. கண்ணில் புண்ணோடு ஒரு குதிரை நின்றால் போகிறவர் வருகிறவரெல்லாம் உச்சுத்தானே கொட்டுவார்கள்! குதிரையேற்றம் படிக்க வரும் பிள்ளைகளின் பெற்றோர் கொட்டியிருப்பார்கள், காவலாளி கொட்டியிருப்பார். ஊர் வாயை மூட உலைமூடி இருக்கிறதா என்ன?

சத்தத்தை மாற்றியாக வேண்டும். லாயத்தில் யாரும் சொல்லாத ஒரு சொல் வேண்டும். அன்று மாலை பேருந்தில் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் நின்று வீட்டுக்காரரிடம் கேட்டாள். அவர் சாலையைப் பார்த்தபடி, "'கூட்டமில்லை'ன்னு வெச்சுக்கோ. எங்கயும் யாரும் சொல்ல மாட்டாங்க," என்றார். அது நீளம். குட்டையாக, வாயிலிருந்து பட்டென்று விழுகிற சொல்லாக வேண்டும். கடைசியில் 'பஞ்சு' என்று வைத்தாள். குதிரை லாயத்தில் யார் பஞ்சைப் பற்றிப் பேசப் போகிறார்கள்?

புதன்கிழமை காலை பஞ்சு, கேரட், பஞ்சு, கேரட் என்று எண்பது முறை. மாலைக்குள் செவலைக்குப் புரிந்துவிட்டது. குழாயம்மா கொட்டடிக்கு வெளியே காவல் நின்று, வருகிறவர்களையெல்லாம் "யாரும் உச்சுக் கொட்டாதீங்க, வாயப் பொத்திக்கிட்டுப் போங்க," என்று விரட்டினாள். தானும் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு இன்னொரு கையால் தண்ணீர் அடித்தாள். வியாழக்கிழமை காலை தாடை உள்ளங்கைக்குத் திரும்பி வந்தது. மத்தியானம் முதல் சொட்டு கண்ணில் விழுந்தது. சாயங்காலம் இன்னொன்று. செவலை இமையைக் கொட்டியது, தாடையை எடுக்கவில்லை. உச்சு அக்கா சந்தோஷப்பட வேண்டியவள், ஆனால் கிட்டத்தில் நின்று கண்ணைப் பார்த்தாகிவிட்டது. அரிசி அளவு படலம் அவரை விதை அளவு ஆகியிருந்தது. கண்ணுக்குள்ளே அடியில் மஞ்சளாக ஏதோ தேங்கியிருந்தது. மருந்து வேலை செய்தால் இப்படித்தான் இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள், நம்பவில்லை.

வெள்ளிக்கிழமை மருத்துவர் வந்தார். புது உதவியாளர் உதட்டுக் கயிற்றோடு கதவருகே நின்றார். முதலாளி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் குழாயம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

உச்சு அக்கா உள்ளங்கையை நீட்டினாள். செவலை தாடையை வைத்தது. மருத்துவர் ஓரடி எடுத்து வைத்ததும் எடுத்துவிட்டது. அவரைப் பின்னால் போகச் சொன்னாள். மறுபடி வைத்தது. அவர் கை உயர்ந்ததும் மறுபடி எடுத்துவிட்டது. மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்தார். உதவியாளர் கயிற்றோடு உள்ளே வந்தார்.

"பிடிங்கக்கா," என்றார் முதலாளி. "ரெண்டு நிமிஷ வேலை. உங்க கைக்குத்தான் பலம் இருக்கே."

அவள் கை தானாகவே தலைக்கயிற்றை இறுக்கத் தொடங்கியிருந்தது. பன்னிரண்டு வருடப் பழக்கம், லேசில் போகுமா? விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தாள். 

"பிடிக்க மாட்டேன் சார். பிடிச்சா இன்னிக்கு நிக்கும். நாளைக்கு நாலு வேளைக்கு யாரு பிடிப்பா? இன்னும் ஒரே ஒரு தடவை பாக்கலாம் டாக்டர். கயிறு வெளிய போகட்டும்."

மருத்துவர் தலையசைத்தார். கயிறு வெளியே போனது. செவலை நீட்டிய கையைப் பார்த்தது, மருத்துவரைப் பார்த்தது. வெகுநேரம் நின்றது. பிறகு தாடையை வைத்தது. மருத்துவரின் விரல் இமைக்கு ஒரு விரல்கடைத் தூரத்தில் வந்தபோது அவர் திரும்பாமலே உதவியாளரிடம், "பஞ்சு," என்றார்.

செவலையின் காது விறைத்தது. உச்சு அக்காவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. மருத்துவமனையில் பன்னிரண்டு வருடம் குப்பை கொட்டியவளுக்கு, மருத்துவர் என்றால் பஞ்சு கேட்பார் என்று தோன்றாமல் போயிற்றே! ஆனால் சொல் விழுந்துவிட்டது, யார் வாயிலிருந்து விழுந்தால் என்ன. பையில் கைவிட்டுக் கேரட்டை எடுத்து ஊட்டினாள்.

"என்னம்மா இது, கையில மருந்தோட நிக்கறேன், நீங்க தீனி போடறீங்க?"

"நீங்கதான் டாக்டர் பஞ்சுன்னு சொன்னீங்க. சொன்னா குடுத்தாகணும்."

அவருக்குப் புரிய ஒரு கணம் ஆனது. சிரித்தார். செவலை மென்று விழுங்கிவிட்டு, கேட்காமலே தாடையை உள்ளங்கையில் வைத்தது. இந்தப் புது ஆள் சரியான சொல்லைத் தெரிந்தவர் என்று நினைத்ததோ என்னவோ. மருத்துவர் இமையைத் துடைத்தார், "பஞ்சு" என்றார், கேரட். டார்ச் அடித்தார், "பஞ்சு", கேரட். புண்ணின் ஆழத்தைக் காட்டும் மஞ்சள் சாயத்தைக் கண்ணில் சொட்டி, குனிந்து, பார்த்துக்கொண்டே இருந்தார். தாடை எழும்பவே இல்லை.

முதலாளி கட்டிய கைகளை அவிழ்த்தார். "நின்னுடுச்சே! அக்கா, நீங்க பெரிய ஆளுதான். லாரி வேண்டாம்னு இப்பவே சொல்லிடறேன்," என்று செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவர் சத்தம் போட்டுப் பேசுவது கேட்டது. ஏழு நாளில் முதல் முறையாக உச்சு அக்கா முழுசாக மூச்சு விட்டாள்.

மருத்துவர் டார்ச்சை அணைத்தார். "லாரிய நிறுத்தினது நல்லதும்மா. ஆனா கண்ணு நிக்காது. புண்ணு உள்ள இறங்கிடுச்சு. விட்டா மூளைக்குப் போகும். இன்னிக்கே எடுத்துடணும். இப்படி நிக்கற குதிரைன்னா இங்கயே பண்ணிடலாம். மயக்க ஊசியும், மரத்துப்போற ஊசியும் போட்டா வலி தெரியாது. ஒரு கண்ணோட எத்தனையோ குதிரைங்க நல்லா இருக்கு."

"மூணு நாள் முன்னாடியே மருந்து..." என்று ஆரம்பித்தாள். குழாயம்மா வாயிலிருந்து கையை எடுத்துவிட்டு இவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். உச்சு அக்கா மீதியை விழுங்கிவிட்டாள். மருத்துவருக்குக் கேள்வி புரிந்தது. அவர் உதவியாளர் பக்கம் திரும்பி ஊசியைக் காட்டினார்.

உதவியாளர் ஊசியில் மருந்தை ஏற்றினார். மருத்துவர் வாங்கிக்கொண்டு செவலையின் கழுத்தருகே வந்தார்.

உச்சு அக்கா உள்ளங்கையை நீட்டினாள். இந்த ஒரு முறை வைக்காதே என்று மனசு அடித்துக்கொண்டது. வேண்டாம் என்று சொல்லு, அதற்குத்தானே வழி சொல்லிக்கொடுத்தேன். வைத்துவிட்டால் கண் போய்விடும், வைக்காவிட்டால் உயிர் போய்விடும். எதை வேண்டிக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. செவலை ஒன்றையும் யோசிக்கவில்லை. காதை முன்னால் நீட்டி, முழுப் பாரத்தையும் இறக்கி, வெதுவெதுப்பான தாடையை அவள் கையில் வைத்துக்கொண்டு நின்றது. மூச்சில் கேரட் வாசனை அடித்தது.

"போடலாமா?" என்று மருத்துவர் கேட்டார்.

"அது சரின்னு சொல்லிடுச்சு டாக்டர். போடுங்க," என்றாள்.

பச்சைப் பொய். அது கேரட்டுக்குத்தான் சரி சொன்னது. கண்ணுக்குச் சரி சொன்னவள் அவள். ஊசி இறங்கியபோதும் செவலை தாடையை எடுக்கவில்லை. அந்தத் தலை மெல்ல மெல்லக் கனத்துக்கொண்டு வர, உச்சு அக்கா அத்தனை பேருக்கும் முன்னால் தேம்பித் தேம்பி அழுதாள்.